மாமா தட்டுக்குப் போன அதிரசம்

போன வருடம் பொங்கல் விடுமுறைக்கு, விழுப்புரத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு நாலு நாள் போயிருந்தேன். துணிப் பைக்குள் எடை பார்க்கும் மெஷினும் கூடவே வந்தது. சிரிக்காதீர்கள். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் மிரட்டியதில், எட்டு மாதம் வாயைக் கட்டி ஒன்பது கிலோ குறைத்திருந்தேன். அக்கா கைச் சமையலில் அது நாலே நாளில் திரும்பி வந்துவிடுமோ என்று எனக்கு அத்தனை பயம்.

பயந்தது போலவே ஆனது. பஸ் திண்டிவனம் தாண்டும்போதே போன் வந்துவிட்டது. "எங்கடா வந்துக்கினு இருக்க? ஜல்தி வா, கறிக்குழம்பு கொதிச்சிக்கினு இருக்குது." வாசலில் என்னைப் பார்த்ததும், "இன்னாடா இப்படித் துரும்பா இளைச்சிட்ட?" என்று கண் கலங்கிவிட்டாள். அதற்கு மேல் 'நான் டயட்டில் இருக்கேன்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மத்தியானம் மாமாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். என் தட்டில் சோறும் கறியும் வடையும் குவிந்தன. அவர் தட்டில் ஓர் உருண்டை கேப்பைக் களி, கொஞ்சம் கீரை. அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரியும். சர்க்கரை இல்லாத வீடு இப்போது எது என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். அக்கா ரசம் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து மாமா என் பக்கம் சாய்ந்தார்.

"உனக்கு வேணாம்னா இப்படித் தள்ளு மச்சான்."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது. தள்ளினேன். அக்கா வருவதற்குள் இரண்டு வடையும் கறியும் மாமா வயிற்றுக்குள் போய்விட்டன.

அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் இதே கூத்துதான். என் காலித் தட்டைப் பார்த்து அக்காவுக்கு ஒரே பூரிப்பு. அடுத்த வேளைக்கு இன்னும் கூடுதலாகச் செய்வாள். அதிரசம், வேர்க்கடலையில் பிடித்த மல்லாட்டை உருண்டை, நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல் எல்லாம் என் தட்டு வழியாக மாமா தட்டுக்குப் போயின. "நீ வந்தாதான் மச்சான் எனக்குப் பொங்கலே," என்று அவர் சொல்லும்போது, ஏதோ புண்ணியம் செய்வதாகவே நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவர் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் பாத்ரூமுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். அதைக்கூடக் கிண்டல் செய்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நாலாம் நாள் காலை, கதவைச் சாத்திக்கொண்டு மெஷின் மேல் ஏறினேன். கூடவில்லை. அரைக் கிலோ குறைந்தே இருந்தது! நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் தொப்பென்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மாமா விழுந்து கிடந்தார். நாக்கு குழறியது. என்னைப் பார்த்து, "யாரு நீ?" என்று கேட்டார். அக்காவைக் கூவி அழைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் காரில் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். சர்க்கரை ஐந்நூறைத் தொட்டிருந்தது. சாயங்காலம்தான் அவருக்கு நினைவு தெளிந்தது. டாக்டரம்மா வந்து, வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று விசாரித்தார்.

"ஆறு மாசமா அளந்துதான் மேடம் போட்டுக்கினு வர்றேன்," என்றாள் அக்கா அழுதுகொண்டே. "களி, கீரை, ரெண்டு இட்லி. இனிப்பைக் கண்ணுலயே காட்டறது இல்ல."

டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டே நெற்றியைச் சுருக்கினார். "இவ்வளவு கட்டுப்பாடா இருந்தும் இப்படி ஏறுதுன்னா, வீட்டுக்கு எழுதிக் கொடுக்கற இன்சுலின் அளவைக் கூட்டித்தான் ஆகணும். ஆனா நீங்க சொல்றது நிஜம்தானேம்மா? இவர் மறைச்சு வேற ஏதாவது சாப்பிட்டு ஏறியிருந்தா, நாளைக்கு அந்த ஊசியைப் போட்டுட்டு வெறும் களி சாப்பிடும்போது சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும். உயிருக்கே ஆபத்து."

போர்வைக்கு அடியில் மாமாவின் கை என் கையைப் பிடித்து அழுத்தியது. சொல்லாதே என்கிறார் என்று புரிந்தது. நான் கையை உருவிக்கொண்டேன்.

"மேடம், நாலு நாளா என் சாப்பாட்டையும் சேர்த்து இவர்தான் சாப்பிட்டாரு. நான்தான் கொடுத்தேன்."

டாக்டரம்மா எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினார். அக்கா மாமாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். நன்றாகத் திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். என்னை வராந்தாவுக்குக் கூட்டி வந்து சொன்னாள்.

"இந்த மனுசனுக்காக ஆறு மாசமா வூட்ல எண்ணெய்ச் சட்டிய அடுப்புல ஏத்தலடா. நானும் ஒரு துண்டு இனிப்பு வாயில வெக்கல. நீ வர்றியேன்னுதான் எல்லாம் செஞ்சேன். 'எனக்கு வேணாங்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செஞ்சே இருக்க மாட்டேனே!"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இடிந்துபோய் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் மாமா நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார். இந்த வருடமும் பொங்கலுக்குப் போனேன். வாசலிலேயே, "எனக்கு இனிப்பும் வேணாம், எண்ணெயும் வேணாங்கா," என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் வருத்தப்படவில்லை. மூன்று தட்டிலும் ஒரே அளவு களியும் கீரையும் வைத்து, எங்களோடு தானும் உட்கார்ந்தாள். மாமா மட்டும் என் தட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

குறைத்த ஒன்பது கிலோ இன்றுவரை எனக்குத் திரும்பவில்லை. ஆனால் அந்த மெஷின் மேல் ஏறும்போதெல்லாம், அந்த நாலு நாள் நான் இறக்கி வைத்த பாரத்தை யார் உடம்பில் ஏற்றினேன் என்ற நினைப்பு வந்துவிடுகிறது.