டிசம்பரில் எடுக்காத லீவு

ஐஸ்லாந்து வானில் ஆடும் பச்சை ஒளியைப் பார்க்க வேண்டும் என்பது என் மனைவி ஸ்டெல்லாவின் ஆசை. பாளையங்கோட்டையில் ஆசிரியரான நான், வழக்கம்போல மே விடுமுறையில் போகத் திட்டமிட்டேன்.

"சார், மே மாசம் அங்கன ராத்திரியிலயும் இருட்டாது, ஒளி தெரியாது. டிசம்பர்ல போங்க. கிறிஸ்மஸ் லீவுல டிக்கெட் வெல ரெண்டு மடங்கு, அதுக்கு முந்தியே போயிருங்க" என்றார் பயண ஏஜென்ட்.

"ஒரு வாரம் லீவு போடுங்களேன்" என்றாள் ஸ்டெல்லா.

"அரைப்பரீட்சை நேரத்துல நான் இல்லன்னா எப்படி? ரிட்டயர் ஆனதும் போவோம்" என்றேன்.

அந்த டிசம்பரில், தேர்வறையில் நின்றிருந்த எனக்கு, அவளுக்கு மாரடைப்பு என்று போன் வந்தது. ஐந்தே நிமிடத்தில் வேறோர் ஆசிரியர் என் இடத்துக்கு வந்துவிட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் ஸ்டெல்லா இறந்துவிட்டாள். அன்றைய தேர்வு ஒரு குறையுமில்லாமல் நடந்து முடிந்தது.

இப்போது எங்கள் பள்ளியில் யாராவது லீவு போடத் தயங்கினால், "போயிட்டு வாங்க, உங்க வகுப்ப நான் பாத்துக்கிடுதேன்" என்கிறேன்.