செவ்வாய்த் தரைக்கு வயது சொல்பவர்

மூக்கு திரையில் உரசிவிடும் அளவுக்குக் குனிந்திருந்தார் பள்ளம் மேடம். அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர். செவ்வாய்க் கிரகத்துச் சமவெளி ஒன்றின் படத்தில் வட்டம் போடுவார், அழிப்பார், மறுபடி அதே இடத்தில் போடுவார். பக்கத்து மேசைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விண்கல் விழுந்த பள்ளங்கள் அதிகமிருந்தால் தரை பழையது; குறைந்தால் இளையது. போய்ப் பாறையைக் கிள்ளி வர முடியாதவர்கள் இப்படித்தான் வயது சொல்கிறார்கள். இருவரும் தனித்தனியே எண்ணி, கணக்கு ஒத்துவந்தால்தான் அறிக்கை போகும். பக்கத்து மேசைக்காரருக்கு வந்தது இருநூறு கோடி ஆண்டு, மேடத்துக்கு முன்னூறு. விண்கலம் எங்கே இறங்குவது என்று மேலிடம் முடிவு செய்யக் காத்திருந்தது. இன்னும் இழுத்தால் வேறு இடம் பார்த்துவிடுவார்கள்.

"நடுவுல ஒரு நம்பர் போட்டு அனுப்பிடலாமே மேடம்."

"பேரம் பேச இதென்ன காய்கறிக் கடையா? அந்தப் பெரிய பள்ளத்தை நீங்க விட்டுட்டீங்க. அவ்வளவு பெரிய கல்லு விழறது அபூர்வம்; அது ஒண்ணு போதும், தரை கிழடுன்னு சொல்ல."

"விளிம்பே தெரியலையே."

"வயசானா தேயத்தான் செய்யும். எனக்கு மட்டும் இடுப்பு தெரியுதா?"

வாரக்கணக்கில் இதே பாட்டு. மேடத்துக்கு வீட்டிலிருந்து போன் வந்தால், "பத்து நிமிஷத்துல கிளம்பிடுறேன்" என்பார். "தம்பி, இவ சொல்ற பத்து நிமிஷத்துக்கு முன்னபின்ன எவ்வளவு வச்சுக்கலாம்?" என்று அவர் கணவரே ஒருமுறை பக்கத்து மேசைக்காரரிடம் நொந்துகொண்டார்.

ஒரு மதியம், அதே சமவெளியின் கூர்மையான புதுப் படம் வந்தது. மேடம் தன் பெரிய பள்ளத்தைப் பெரிதாக்கினார். விண்கல் மோதியிருந்தால் சுற்றிலும் மண் தெறித்திருக்க வேண்டும். தெறிப்பே இல்லை. அடியில் எரிமலைக் குழம்பு ஓடி வடிந்தபின் கூரை உள்வாங்கிய வெறும் குழி அது. பக்கத்து மேசைக்காரர் சண்டைக்குத் தயாராக நாற்காலியைத் திருப்பினார். இதற்கு என்ன சாக்கு சொல்லப்போகிறாரோ.

மேடம் முகம் சுளிக்கவில்லை. வட்டத்தை அழித்தார். முன்னூறு கோடி கண்ணெதிரே சரிந்து இருநூற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"என்னோடது தப்பு" என்றார்.

பக்கத்து மேசைக்காரருக்கு உயிர் வந்தது. "அப்ப அனுப்பிடலாமா மேடம்?"

"இருங்க. உங்களோடதையும் ஒண்ணொண்ணா பார்த்துடலாம்."

நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்து மேசைக்கு வந்த மேடம், அவருடைய திரையில் புதுப் படத்தைத் திறந்து, அவர் போட்டிருந்த முதல் வட்டத்தின்மேல் விரலை வைத்தார்.