கழித்த ஊசி

பொன்னுசாமியின் மனைவி பேசிய ஒரே இசைத்தட்டைப் பாழாக்கியவன் நான். பாழாக்கிவிட்டு, பழியை அவர் தலையிலேயே கட்டியவனும் நானே!

இதைச் சொல்ல எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. நீங்கள் யாரோ, எவரோ... அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

கொழிஞ்சாம்பாறையில் எனக்கு ஜவுளிக்கடை. ஆனால் ஊரார் என்னைப் ‘பிளேட்டு ராவுத்தர்’ என்றுதான் சொல்வார்கள். கடையின் பின்னறையில் ஒரு கிராமபோன், அலமாரி நிறையத் தட்டுகள். பாடியவர் பெயரை எல்லோரும் சொல்வார்கள். எழுதியவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று சந்தையில் ஆட்களை மடக்குவேன். அப்படி ஒரு கர்வம்! தட்டு விஷயத்தில் என் சொல்லுக்கு ஊரில் மறுசொல் கிடையாது. அந்த மதிப்பைத்தான் பின்னால் நான் கத்தியாக எடுத்தேன்.

பொன்னுசாமி நிலக்கடலை போடும் விவசாயி. அவர் மனைவி கல்யாணத்துக்கு முன் நாடகக் கம்பெனியில் இருந்தவள். அந்தக் கம்பெனி ஒரு நாடகத்தைத் தட்டில் பதிந்தபோது, அவளுக்கும் ஒரு நிமிஷம் கிடைத்தது. தூங்கும் குழந்தையை எழுப்பும் தாய் வேஷம். தட்டின் மேல் அவள் பெயர்கூட இல்லை, ‘மற்றும் குழுவினர்’ என்பதற்குள் அடக்கம். மகள் வள்ளி பிறந்த மறுவருஷமே அவள் காய்ச்சலில் போய்விட்டாள்.

வருஷத்துக்கு ஒரு முறை, அவள் இறந்த நாளில் மட்டும் பொன்னுசாமி அதைத் தன் வீட்டு கிராமபோனில் போடுவார். தேய்ந்துவிடுமோ என்று அவ்வளவு பயம். அடிக்கடி போடச் சொல்லி வள்ளி அழுதாலும் மசியமாட்டார்.

கேரளம் பிறந்த வருஷம், வீட்டு ஓடு மாற்றும்போது உடைந்துவிடக் கூடாதென்று தட்டை என்னிடம் கொடுத்தார்.

“உங்ககிட்ட இருந்தா பயமில்லீங்க ராவுத்தரே. போட மட்டும் வேண்டாமுங்க.”

“அல்லா மேல ஆணை, தொடமாட்டேனுங்க” என்றேன்.

மூன்றாம் நாளே தொட்டேன்!

‘வெயில் முகத்தில் அடிக்கிறது பார், எழுந்திரு என் கண்ணே...’ என்ன குரல் அது! எத்தனையோ பாட்டுகளை உருகி உருகிக் கேட்டவன் நான். எந்தப் பாட்டும் என்னை அப்படி உட்கார வைத்ததில்லை. மதியத் தொழுகை முடிந்து வந்து, கடைக் கதவை ஒருக்களித்துவிட்டு, தினம் நாலைந்து தடவை கேட்டேன். அது ரசனைதானா? வேறு ஏதாவதா?

கேட்டதைக்கூட மன்னிக்கலாம். ஊசியை என்ன சொல்ல?

ஒரு பக்கத்துக்கு ஒரு புது ஊசி, அதுதான் முறை. ஒரு பக்கம் ஓடியதும் எஃகு மழுங்கிவிடும். மழுங்கிய ஊசி தட்டை உழுதுவிடும். இதை ஊருக்கெல்லாம் உபதேசித்தவன் நான்! புது ஊசி பொள்ளாச்சியிலிருந்து வர வேண்டும். டப்பாவில் மிச்சமிருந்தது கொஞ்சம். அதை என் தட்டுகளுக்கு ஒதுக்கிக்கொண்டேன். அவளுக்குக் கழித்த ஊசி. அதையும் சாணைக்கல்லில் தீட்டித் தீட்டி, இரண்டு மாதம்.

குரல் மெலிவது தெரிந்தது. தெரிந்தும் நிறுத்தவில்லை.

தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் இறந்த நாள் வந்தது. என்னையும் அழைத்திருந்தார். வள்ளி தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு கிராமபோனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பொன்னுசாமி சாவி கொடுத்தார், புது ஊசி மாட்டினார், தட்டைச் சுழலவிட்டார்.

எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம். வேறொன்றும் இல்லை.

“ஏனுங்க ராவுத்தரே, பேச்சே வரலீங்களே?” அவர் முகத்தில் சந்தேகம் துளியும் இல்லை. வைத்தியரிடம் கேட்பதுபோல் கேட்டார்.

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா? “அரக்குத் தட்டுங்க பொன்னுசாமி... ஊசி படாம வருசக்கணக்கா வெச்சிருந்தா உலர்ந்து போயிருமுங்க. அடிக்கடி போட்டிருக்கோணும்” என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்தப் பொய்? இவ்வளவு கச்சிதமாக!

வள்ளி எழுந்து நின்றாள். “போடுங்கப்பா, போடுங்கப்பான்னு எத்தன தடவ கேட்டேன்! நீங்கதான் வேண்டாம்னீங்க!”

“என்ற தப்புதான் கண்ணு... நாந்தான் அவளப் பேச விடாமப் பூட்டி வெச்சுட்டேன்” என்று பொன்னுசாமி தலையில் அடித்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்பின் வெகுநாள் அந்தப் பெண் தகப்பனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்றிலிருந்து அவர் அந்தத் தட்டைத் தினமும் போடுகிறார். போட்டுக்கொண்டே இருந்தால் உலர்ந்தது இளகிவிடும் என்று அவராகவே நம்பிக்கொண்டார். வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. எப்படித் தடுப்பேன்!

போன வாரம் கடைக்கு ஓட்டமும் நடையுமாக வந்து, என்னைக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனார். புது ஊசி மாட்டித் தட்டைப் போட்டார். கடுகு பொரிந்தது. அவர் குனிந்து காதை வைத்து, ஒரு விரலை உயர்த்தினார்.

“இப்பத்தானுங்க... ‘கண்ணே’ன்னாளே! உங்களுக்குக் கேட்டுதுங்களா?”

வள்ளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டுதுங்க” என்றேன்.