செகெஜாப், கொக்கி மட்டும்தான் பாக்கி

பிளவுஸ் தைப்பதைவிட, தைக்காத பிளவுஸுக்குப் பதில் சொல்வதுதான் எங்கள் தொழிலில் பெரிய வேலை. துணி கொடுத்துவிட்டுத் தவிக்கும் சகோதரிகளே, வாங்கி வைத்துக்கொண்டு நானும் தவிக்கிறேன்.

கடை அகராதி

மலாய் மொழியில் 'செகெஜாப்' என்றால் ஒரு நிமிடம். பிரிக்பீல்ட்ஸில் படியேறி என் கடைக்கு வந்தால் பொருள் வேறு. போனில் சொன்னால், துணியை இன்னும் தொடவில்லை. நேரில் சொன்னால், துணி எங்கே என்று தேடுகிறேன். 'செகெஜாப், கொக்கி மட்டும்தான் பாக்கி' என்றால், இன்றைக்கு வெட்டிவிடுவேன்.

வாடிக்கையாளர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. விசேஷத் தேதியை ஒரு வாரம் முன்னால் தள்ளிப் பொய்யாகச் சொல்வார்கள். நானும் மனசுக்குள் ஒரு வாரம் கூட்டிக்கொள்வேன். கிள்ளான் சரோஜா அக்கா, மகள் திவ்யாவின் பரிசத்துக்குப் பட்டுத்துணி கொண்டுவந்தபோதும் அப்படித்தான் கூட்டினேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழம பரிசம்மா. நீங்க மத்தவங்க மாதிரி இழுத்தடிக்க மாட்டீங்கன்னு நம்பித்தான் வந்தேன்."

மிஷின் சத்தம்

அந்த வாரம் அக்கா போன் செய்தார். போனை மிஷின் பக்கத்தில் வைத்து, ஊசியில் நூல்கூட இல்லாமல் கடகடவென்று ஓட்டினேன். "கேக்குதாக்கா? உங்களோடதுதான் ஓடுது. செகெஜாப்!" என்றேன். அக்கா மிஷினை நிறுத்தச் சொன்னார்.

"துணி இல்லாம ஓடுற சத்தம் எனக்குத் தெரியும்லா. நானும் பேக்டரில தெச்சவதான்."

மருதாணிக் கை

சனிக்கிழமை மத்தியானம் அக்கா திவ்யாவோடு வந்து நின்றார். "அடுத்த வாரம்தானேக்கா பரிசம்?" என்று தைரியமாகக் கேட்டேன். திவ்யா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். மருதாணி சிவந்திருந்தது. அவள் கண்ணும்தான். பரிசம் நாளைக்கேதான்.

கடையைச் சாத்தி, அப்போதுதான் துணியை வெட்டினேன். நான் தைக்கத் தைக்க, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி கட்டினார். பொழுது சாயும்போது திவ்யா போட்டுப் பார்த்தாள். கச்சிதம். முதன்முறையாகச் சிரித்தாள். வெட்கத்தில் என்னால்தான் நிமிர முடியவில்லை. "மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"தேதிய ஒரு வாரம் முன்னாடி தள்ளிச் சொல்லுன்னு எல்லாரும் சொன்னாங்க. உங்ககிட்ட பொய் சொல்ல மனசு வரல. நெஜத்த சொன்னது என் தப்புதான்மா."

அன்றோடு திருந்திவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் தைக்க வேண்டிய நேரத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.