அக்கா தின்ற புளியோதரை

புளியோதரையின் நல்லெண்ணெய் அக்காவின் மணிக்கட்டில் இறங்கி முன்கையில் ஒரு கோடாக ஓடிற்று. கியாஸ் விளக்கு வெளிச்சத்தில் அது மின்னியது. அவள் உடுத்தியிருந்தது விதவையின் வெள்ளைச் சேலை. அதில் துடைக்க மனம் வரவில்லை. யாரும் பார்க்கிறார்களா என்றுகூடத் திரும்பாமல், கையைத் தூக்கி, வழிந்ததை நாக்கால் ஒரே இழுப்பாக நக்கிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. வாழ்க்கையில் எத்தனையோ பேரை மன்னித்திருக்கிறேன். மன்னிப்பு எனக்குக் கைவந்த வேலை, மிஷன் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவள் நான். அந்தச் சிரிப்புக்குத் தண்டனை விதித்தவர்களை மட்டும் மன்னிக்க முடியவில்லை. மன்னிக்கப் பிரியமும் இல்லை.

அக்கா என் பெரியப்பா மகள். பெரியப்பா இறந்துவிட்டார், கட்டினவன் கண்டியில் தேயிலைத் தோட்டத்துக் காய்ச்சலில் போய்விட்டான். சேரன்மாதேவிக்கு மேற்கே, வயலும் வாய்க்காலுமான எங்கள் சிற்றூரில் சபையின் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதில் அவள் பெரிய வகுப்புக்கு வாத்திச்சி. நான் அரிச்சுவடி வகுப்பு. இருவருக்கும் படிப்பு உண்டு, சர்டிபிகேட் இல்லை. அது இருந்தால்தான் இனி வேலை என்று மேலிடத்தில் சொல்லிவிட்டதால், ஒரு கோடையில் எங்களைப் பாளையங்கோட்டைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதே சமயத்தில் எங்கள் ஊர் உபதேசியாரும் தம்முடைய வகுப்புக்காக அங்கே வந்து தங்கினார். குருவானவர் எப்போதாவது வண்டி கட்டி வருகிறவர். மற்ற நாளெல்லாம் சபையில் செபம் நடத்துவதும் பிரசங்கம் செய்வதும் வழக்குத் தீர்ப்பதும் உபதேசியார்தான்.

பயிற்சியை நினைத்தால் கரும்பலகையின் சுண்ணக்கட்டித் தூள் வாசனையும் விடுதிக் கஞ்சியின் புளிப்பும்தான் வருகின்றன. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நகரம் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலங்களில் உபதேசியார் விடுதி அம்மாவிடம் வந்து நிற்பார். "நம்ம ஊருப் பிள்ளைக. சுத்தி காட்டிட்டு, பொழுதோட கொண்டாந்து விட்டிருதேன்" என்பார். ஆண்துணை என்றால் அந்த அம்மாவுக்கு மறுபேச்சு கிடையாது. நாங்கள் பாலத்தின் மேல் நடப்போம். கீழே மலைமழை குடித்துப் பெருத்த தாமிரபரணி, செம்மண் நிறத்தில், கேட்பாரில்லாமல் போய்க்கொண்டிருக்கும். சாரல் முகத்தில் விழும். அக்கா முக்காட்டைத் தள்ளிவிட்டு முகத்தைக் கொடுப்பாள்.

நகரம் எங்களுக்கு முதலில் வாசனையாகத்தான் வந்தது. சுடச்சுட இலையில் விழும் அல்வா. விரலில் ஒட்டாமல், தொண்டையில் நிற்காமல், தானே வழி கண்டுபிடித்து இறங்கும். மேலப்பாளையத்து ராவுத்தர் ஒருவர் தள்ளுவண்டியில் விற்ற இறைச்சி வடை. காப்பிக் கிளப்பில் எங்களுக்கு உள்ளே இடம் கிடையாது. பின்பக்கத்துச் சன்னலில் நின்றால் உயரத்திலிருந்து தம்ளரில் ஊற்றுவார்கள். அக்கா அந்தக் காப்பியைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். "சன்னல்ல ஊத்துனாலும் காப்பி காப்பிதாம்ட்டி" என்றாள். ஒருநாள் கூடாரத்தில் பயாஸ்கோப்பு பார்த்தோம். திரையில் கடல் வந்து அடித்தபோது பாயில் உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் அலறிக்கொண்டு காலை மடக்கினார்கள். அக்கா மட்டும் காலை நீட்டினாள். அந்தப் பக்கம், ஆண்கள் வரிசையில், உபதேசியார் விரலை மடித்து வைத்து விசில் அடித்துக்கொண்டிருந்தார். விசில் அவருக்கு நன்றாக வரும்.

ஆனித் தேரோட்டத்துச் சாயங்காலம் தெருவே மனிதத் தலையாக இருந்தது. பெரிய கோயிலுக்குள் எங்கள் சாதி அப்போது நுழைய முடியாது. கோயில் மடைப்பள்ளிச் சோறு மட்டும் வெளியே வந்து, தொன்னையில் ஏறி, கேட்டவர்களுக்கெல்லாம் விலைக்குக் கிடைத்தது. உபதேசியார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், கைநிறையத் தொன்னைகளோடு வந்தார். வெளியூரார் யாருக்கும் இதன் கனம் தெரியாது, ஆகையால் சொல்கிறேன்: விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொடக்கூடாது என்பது எங்கள் சபையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். அண்டைவீட்டார் பொங்கல் கொண்டுவந்தால்கூட, சாமிக்குக் காட்டுமுன் எடுத்துவைத்த பங்குதானா என்று கேட்டுத்தான் வாங்குவோம். அக்காவும் கேட்டாள்.

"ஐயா, இது கோயில் சோறுல்லா?"

"ஆமா தாயி. அதுக்கென்ன? பசிக்கிற வயித்துக்கு அது வெறும் சோறு. ஆறிரும், தின்னுங்க." வாய் நிறைய வைத்துக்கொண்டுதான் சொன்னார். அவருடைய மீசையில் ஒரு கடுகு ஒட்டியிருந்தது. "ஒருத்தரும் பாக்கல, பயப்படாதிய" என்று அடுத்த தொன்னையை எடுத்தார். நாங்களும் தின்றோம். புளியும் எள்ளும் மிளகாய் வற்றலும் நாக்கில் ஏறி நின்றன. அக்கா அப்படிச் சிரித்தது அப்போதுதான்.

ஒருவர் பார்த்திருந்தார். எங்கள் ஊரிலிருந்து கருப்பட்டி விற்க வந்தவர். பயிற்சி முடிந்து, சர்டிபிகேட்டும் வாங்கிக்கொண்டு நாங்கள் ஊர் திரும்பியபோது பேச்சு எங்களுக்கு முன்னே போய் உட்கார்ந்திருந்தது. அது தம்மைத் தொடுவதற்குள் உபதேசியார் முந்திக்கொண்டார். தாமே வழக்கைச் சபைக்குக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, குருவானவர் முன்னிலையில், அக்காவை நடுவில் நிறுத்தினார்கள். எங்கள் வழக்கம் அது. குற்றம் சாட்டப்பட்டவர் சபை நடுவில் நின்று, தப்பு செய்தேன், மன்னிக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொன்னால் அடுத்த நற்கருணைக்குள் எல்லாம் சரியாகிவிடும், வேலையும் நிலைக்கும். சொல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். பள்ளிக்கூடம் சபையினுடையது, பிழைப்பும் அதோடு போகும். உபதேசியார் பேசினார். வழிகாட்டப் போனாராம். கூட்டத்தில் நாங்கள் கைதவறிப் போனோமாம். அவர் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அக்கா அந்தச் சோற்றைத் தின்றுவிட்டாளாம். குரல் தழுதழுத்தது அந்த மனிதருக்கு!

நான் எழுந்துவிட்டேன். "ஐயாதான வாங்கித் தந்திய? எங்கள விட ரெண்டு தொன்னை கூடுதலா நீங்கதான தின்னிய?" என்று கத்தினேன். ஆண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "சின்னப் பிள்ள. பெரியவ சொல்லிக் குடுத்திருப்பா" என்றது ஒரு குரல். நான் சபை மூப்பரின் மகள்; என்னைக் குற்றவாளியாக்கினால் அப்பாவையும் இழுக்கவேண்டும். அதனால் பதினெட்டு வயதில் என்னைப் பிள்ளையாக்கி உட்காரவைத்தார்கள். அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தது தோளில் காந்தலாக இருந்தது. தகப்பன் இல்லாதவள் நடுவில் நின்றாள்.

குருவானவர் கெட்டவர் இல்லை. "ஒரு வார்த்தை சொல்லும்மா, போதும்" என்றார், கெஞ்சுவதுபோல.

அக்கா தரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் ஐயா தின்னேன். நல்லா இருந்துச்சு. அவ்வளவு நல்லா இருந்துச்சு. கட்டினவரு போன பொறவு நான் வயிறு குளுந்து தின்னது அன்னைக்குத்தான். அதத் தப்புன்னு சொன்னா, அது பொய்யில்லையா?" என்றாள். பெண்கள் பக்கத்தில் ஒரு குழந்தை அழுதது.

பெயரை வெட்டினார்கள். உள்ளே வரத் தகாதவள் என்று கோயில் அவளை வெளியே நிறுத்தியது. அந்தக் கோயிலின் சோற்றைத் தின்றவள் தகாதவள் என்று சபை வெளியே தள்ளியது. இரண்டு வாசலிலும் காவல் நின்றவர்கள் நன்றாகச் சாப்பிட்டவர்கள்.

உபதேசியாரை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று அன்று ராத்திரி கேட்டேன். அக்கா யோசித்துச் சொன்னாள்: "அந்த மனுசன் அன்னைக்கு எவ்வளவு ரசிச்சுத் தின்னாரு, பாத்தியா? பிரசங்கம் பண்ணும்போதுகூட அவரு மூஞ்சி அப்படித் தெளிஞ்சதில்ல. அந்த ஒரு நேரந்தான் நல்லவரா இருந்தாரு. அதையும் கெடுக்கவா சொல்லுத?" அந்தப் பெரிய மனசு எனக்கு வாய்க்கவில்லை. அவள்மேலும் கோபம் வந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

சர்டிபிகேட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு அவள் நடவுக்குப் போனாள். அவளிடம் வாய்ப்பாடு படித்த பிள்ளைகள் சிலேட்டோடு வரப்பில் அதைச் சொல்லிக்கொண்டே போவார்கள். அவள் சேற்றில் குனிந்தபடியே, தப்பாகச் சொன்னவனைத் திருத்துவாள். சில வருஷங்களில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். சபையில் சாவுமணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்து முள்வேலிக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்தில், அப்பாவும் நானும் கூலியாள் ஒருவரும் அடக்கம் செய்தோம். உபதேசியார் நெடுங்காலம் இருந்து, நல்ல பெயரோடு செத்து, வேலிக்கு உள்ளே கல்வெட்டின் கீழ் படுத்திருக்கிறார்.

இப்போது தோட்டத்தில் இடம் நெருங்கிவிட்டது. வாய்க்கால்வரை நிலம் வாங்கி வேலியைத் தள்ளிப் போடுகிறார்கள். புதிதாக வந்திருக்கும் குருவானவர் இளவயதுக்காரர். வீடு தேடி வந்தார், முகமெல்லாம் மலர்ச்சி. "டீச்சர், இனிமே உங்க அக்காவும் உள்ள வந்திருவாங்க. ஆண்டவர் கிருபை!" என்றார். ஒரு வார்த்தை வருத்தம் இல்லை, ஒரு கூட்டம் இல்லை, தப்பு நடந்தது என்று சபை நடுவில் நின்று சொல்ல ஒருவரும் இல்லை. இடம் போதவில்லை, அதனால் கிருபை. காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனேன்.

வேலி போடுகிறவன் முளை அடித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அக்காவின் மேட்டைக் காட்டி, இதை விட்டுவிட்டு வளைத்துப் போடு என்றேன்.

"நேராப் போனாத்தாம்மா வேலி நிக்கும். வளைச்சா முள்ளு கூட ஆவும்."

"ஆகட்டும். முள்ளு நான் வெட்டித் தாரேன்."

அவன் மேட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "வெளிய போடுத அளவுக்கு இவுக என்ன தப்பு செஞ்சாக?"

"ஒண்ணும் செய்யல. அதச் சபைக்காரங்க வாயால சொல்லுத வரைக்கும் வெளியவே இருக்கட்டும்."

அவன் முளையைப் பிடுங்கி, அக்காவின் மேடு வெளியே நிற்கும்படி தோட்டத்துப் பக்கமாக நகர்த்தி, மறுபடி அடித்தான்.