அறுபத்தைந்து நொடி

மோட்டாரின் மேல் காதை வைத்து, கண்ணை மூடி, விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறார் டைமர் அக்கா. பக்கத்தில் யார் வந்து நின்றாலும் இடது கை மட்டும் உயரும்: "இருங்க, எண்ணிக்கிட்டிருக்கேன்." நூறு வந்த பிறகுதான் முகத்தைத் திருப்புவார்.

மருத்துவமனைகளுக்கு மருந்தேற்றும் பம்பு செய்கிற சிறிய பட்டறை அது. இரண்டு அறை, ஏழு பேர். பம்பை ஓட்டும் சிப்புக்கு நிரல் எழுதுவது அக்காவின் வேலை. சிப்புக்குள் இருக்கும் டைமரைப் பற்றி ஆரம்பித்தால் வாய் ஓயாது. பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். "அதுக்கு எண்ண மட்டும்தாங்க தெரியும். எதுவரைக்கும் எண்ணணும், எப்போ பூஜ்யத்துக்குத் திரும்பணும்னு நாமதான் சொல்லணும். அதுக்குத்தான் மோடு, அதாவது எண்ணுற முறை."

அவர் கணவர் தையல்காரர். "அஞ்சு நிமிஷத்துல வரேன்னு இவகிட்ட வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க. ஆறாவது நிமிஷம் போன் அடிக்கும்" என்பார்.

சென்ற மாதம் பன்னிரண்டு பம்புகள் ஒரு மருத்துவமனைக்குச் சோதனைக்குப் போயின. நோயாளிக்குப் பொருத்துவதற்கு முன் ஒரு வாரம் வெறும் தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பார்கள். நான்காம் நாள், வார்டு நர்ஸ் ஒருவர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார், பம்பு நின்றுவிட்டது. பிறகு தானாகவே ஓடியது. திரும்பச் செய்து காட்டச் சொன்னார்கள். சமர்த்தாக ஓடியது. 'பயன்படுத்தியவரின் கவனக்குறைவு' என்று படிவத்தில் எழுதிய தலைமை நர்ஸ், அந்தப் பெண்ணிடம் விளக்கமும் கேட்டார்.

முதலாளிக்கு நிம்மதி. "அந்தப் பொண்ணு எதையாவது தப்பா அழுத்தியிருக்கும். விடும்மா. திங்கக்கிழமை பேஷண்டுக்கு மாட்டப் போறாங்க."

அக்காவுக்கு மனம் கேட்கவில்லை. நர்ஸுக்கே போன் போட்டார்.

"சிஸ்டர், எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"சுவர்க் கடிகாரத்தையே பாத்துட்டு நின்னேன் மேடம். ஒரு நிமிஷம், மேல அஞ்சு நொடி. சொன்னா யாரு நம்புறா?"

அக்கா ஒரு தாளில் கணக்குப் போட்டார். அந்த டைமர் நொடிக்கு ஆயிரம் எண்ணும். அறுபத்தையாயிரத்துச் சொச்சம்தான் அதன் எல்லை. அதாவது முழுச்சுற்றுக்கு அறுபத்தைந்து நொடி.

நிரலைத் திறந்தார். சொன்ன எண் வந்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பி, மோட்டாரை ஒரு படி நகர்த்தும் மோடு, அவரே தேர்ந்தெடுத்தது. வேகத்தைக் கூட்டினால் அந்த எண் குறையும். அந்த எண் ஐயாயிரம் என்று வைத்துக்கொள்வோம்; அதைத் தொடப்போகும் தறுவாயில், "இனி நாலாயிரத்துத் தொள்ளாயிரம் போதும்" என்றால்? அதைத்தான் டைமர் ஏற்கெனவே தாண்டிவிட்டதே. அது பாட்டுக்கு எல்லைவரை எண்ணி, மறுபடி பூஜ்யத்திலிருந்து வந்துதான் அந்த எண்ணைப் பிடிக்கும். அதுவரை மோட்டார் அசையாது. பட்டனைத் தொடும் விரல் அந்த நூலிழை இடைவெளியில் விழுந்தால்தான் இந்தக் கூத்து நடக்கும். நர்ஸின் விரல் விழுந்திருக்கிறது.

"தப்பு என்னுதுங்க" என்றார் முதலாளியிடம்.

பன்னிரண்டு பம்புகளையும் பட்டறைக்குத் திரும்ப வரவழைத்து, மோடை மாற்றினார். இந்த மோடில், புது எண் வந்தால் டைமர் அதைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளும். நடக்கிற சுற்று முடிந்த பிறகே பயன்படுத்தும். மாற்றியது இரண்டே வரி. ஆனால் பத்தாயிரம் முறை வேகத்தை ஏற்றி இறக்கிப் பார்க்காமல் பம்பை வெளியே விடவில்லை.

சனிக்கிழமை காலை தானே வார்டுக்கு எடுத்துப் போனார்.

"பயப்படாம அழுத்துங்க சிஸ்டர். உங்க இஷ்டத்துக்கு."

நர்ஸ் முதலில் ஒற்றை விரலால் தயங்கித் தயங்கி அழுத்தினார். அப்புறம் வேண்டுமென்றே தாறுமாறாக. குழாயின் நுனியில் சொட்டு தவறவே இல்லை. தலைமை நர்ஸ் படிவத்தை வரவழைத்து, பழைய வரியை அடித்து, அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

"நாலு நாளா எனக்கே சந்தேகம் மேடம், கண்ணு மயங்கிடுச்சோன்னு" என்றார் நர்ஸ்.

"நீங்க கடிகாரத்தைப் பாத்திருக்கலைன்னா நான் தேடியே இருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அக்கா பக்கத்திலிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். நர்ஸ் குடிக்காமல் ஆறவிட்டிருந்த தேநீரை, யாருடையது என்றுகூடக் கேட்காமல் எடுத்து, ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.