மரங்கொத்தியின் மேற்படிப்பு

அட்டைப்பெட்டியை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிய பிறகுதான் எண்ணிக்கையில் சேர்க்கிறாள். கிடங்கில் எத்தனை பெட்டி இருந்தாலும் அத்தனைக்கும் இதே மரியாதை. காதில் பேனா, காலில் அண்ணனுடைய பழைய விளையாட்டுக் காலணி. எங்கள் தணிக்கை அலுவலகத்தில் அவளுக்கு மரங்கொத்தி என்று பெயர் வைத்தது நான்தான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பட்டப்பேராவது சும்மா கெடைச்சுதே. மத்த பட்டத்துக்கெல்லாம் பணம் கட்டணும்" என்றாள்.

கணக்காளர் தேர்வை முடித்து அவளுக்கு இது இரண்டாவது வருடம். எங்கள் தொழிலில் அது பொல்லாத பருவம். வாங்கிய பட்டம் போதாது, பக்கத்தில் இன்னொன்று வேண்டும் என்று எல்லோருக்கும் அரிப்பெடுக்கும். வரியா, கணினித் தணிக்கையா, மோசடி விசாரணையா என்று சாப்பாட்டு இடைவேளையில் பட்டிமன்றமே நடக்கும். எனக்கே மூன்று இருக்கின்றன. என் பெயர் இன்ஜின் மாதிரி முன்னால் போக, பட்டங்களின் எழுத்துகள் பெட்டி பெட்டியாகப் பின்னால் வருகின்றன. சரக்குதான் இன்னும் ஏற்றவில்லை.

மேலாளர் அவளை வரிப் பட்டயம் எடுக்கச் சொல்லியிருந்தார். கட்டணம் அலுவலகத்தின் பொறுப்பு. தேறினால் மாடியில் தனி அறை. வரி அவளுக்கு வராமலில்லை, எங்களில் யாரையும்விட வேகமாகப் போடுவாள். அவள் மனம் போனதோ மோசடி விசாரணைப் பக்கம். அதற்குச் சொந்தக் காசு, அதற்கேற்ற வேலை கிடைக்குமா என்பதற்கும் உத்தரவாதமில்லை. வங்கியில் இருக்கும் அவளுடைய அண்ணன் தினமும் போனில் கத்துவான்: "காத்துள்ளபோதே தூத்திக்கோ. கூப்பிட்டுக் குடுக்கறப்ப வேணாங்கறியே, கிறுக்கா ஒனக்கு?" அவள் "சரிண்ணா, சரிண்ணா" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் நானும் அதையே கேட்டேன்.

"அந்த சோப்புக் கிடங்கு ஞாபகம் இருக்கா?" என்றாள். "பின் வரிசைப் பெட்டியெல்லாம் காலின்னு கண்டுபிடிச்சேன். எல்லாரும் கை தட்டினீங்க. ஆனா நான் என்ன பண்ணேன்? முதலாளிய பக்கத்துல வெச்சுக்கிட்டே அந்த ஸ்டோர்கீப்பர்கிட்ட 'சரக்கு எங்கே'ன்னு கேட்டுட்டேன். தலையக் குனிஞ்ச மனுஷன் அப்புறம் வாயே தொறக்கல. அவரா எடுத்தாரா, யாராவது எடுக்க வெச்சாங்களா, இன்னிவரைக்கும் தெரியாது. அவருக்கு வேலை மட்டும் போயிடுச்சு. தட்டத் தெரிஞ்சாப் போதுமா? கேக்கத் தெரிய வேணாமா?"

கை தட்டியவர்களில் நானும் ஒருவன். எனக்கு வெட்கமாக இருந்தது.

போன வாரம் மேலாளர் எங்கள் இருவரையும் மாடிக்கு அழைத்துப்போய் அந்த அறையைக் காட்டினார். பெரிய ஜன்னல், அகலமான மேசை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத சுழல் நாற்காலி.

"உக்காந்துதான் பாரேம்மா" என்றார்.

உட்கார்ந்தாள். காலால் தரையை உந்தி ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பொய்யில்லை. அவளுக்கு அந்த அறை பிடித்துத்தான் இருந்தது. பிறகு எழுந்தாள்.

"நல்ல நாற்காலி சார். உக்காரப் போறவங்க குடுத்து வெச்சவங்க" என்று சொல்லி, கசங்கிப்போன உறையை உள்ளங்கையால் நீவிவிட்டு, நாற்காலியை மேசைக்கடியில் நேராகத் தள்ளி வைத்தாள்.